பாஸ்வேர்டை நகலெடுக்க ஒரு குட்டிக் கமாண்ட் எழுதினேன்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

கர்சர்:

இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. எழுதிவிட்டால் தீருமோ என்று பார்க்கிறேன்.

எல்லோரும் செய்கிற வேலைதான். ஜிபிஜி என்ற குறியாக்க நிரலால் பூட்டிய ஒரு ஃபைல். பெயரைச் சொன்னால் அதிலிருந்து பாஸ்வேர்டை எடுத்துக் கிளிப்போர்டில் போட்டுத்தரும் எழுபது வரி பைத்தான். இதே வேலையைச் செய்யும் 'பாஸ்' என்ற பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்காதீர்கள், சொந்தமாகச் செய்து பார்க்கும் ஆசை. 45 வினாடியில் அழித்துவிட வேண்டும் என்பதையே பாஸைப் பார்த்துத்தான் வைத்தேன். பின்னணியில் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), ஸ்லீப் 45 (45 வினாடி சும்மா இரு என்கிற கட்டளை), அப்புறம் கிளிப்போர்டு காலி. பத்து முறை சோதித்தேன், பத்து முறையும் ஒழுங்காக அழிந்தது.

ஒரு நாள் ராத்திரி சர்வர் பாஸ்வேர்டை எடுத்தேன், ஒட்டினேன், உள்ளே போனது, வேறொருவர் அதற்குள் வேலையை முடித்திருந்தார். லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். எடுத்ததிலிருந்து மூடியது வரை பதினைந்து வினாடி இருக்கும்.

காலையில் மீட்டிங்குக்குத் தாமதம். மூடியைத் திறந்த கையோடு, முதல் நாளே திறந்து வைத்திருந்த டேபிலிருந்து லிங்கை நகலெடுத்தேன் (என்று நினைத்தேன், பிரௌசர் இன்னும் விழித்துக்கொள்ளவில்லை). குழு அரட்டையில் கன்ட்ரோல் வி, என்டர், ஒரே அசைவு. 24 எழுத்து. பதினொரு பேர் இருக்கும் குழு. என்ன இது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் வந்து விழுந்தது. யாரோ படிக்காமலே லிங்க் என்று நினைத்துப் போட்டது. அந்தக் கட்டைவிரல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பாஸ்வேர்டை மாற்றப் பத்து நிமிடம். ஏன் அழியவில்லை என்று புரியத்தான் இரண்டு நாள். லேப்டாப் உறங்கினால் ஸ்லீப்பும் உறங்குகிறது. மீதி முப்பது வினாடி, காலையில் மூடியைத் திறந்த பிறகுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது. நான் அதற்குள் ஒட்டிவிட்டேன்.

செமிகோலன்:

லினக்ஸில் மோனோடானிக் கடிகாரம் (பின்னோக்கிப் போகாமல் நேரத்தை எண்ணுவது) சஸ்பெண்ட் நேரத்தை, அதாவது மெஷின் உறங்கிய நேரத்தை, கணக்கில் எடுக்காது. அதற்காகவே 2011இல் வந்த 2.6.39 கெர்னலிலிருந்து அந்த நேரத்தையும் சேர்த்து எண்ணும் பூட்டைம் கடிகாரம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. நல்லவேளை, எனக்கு அது நடக்கவில்லை. வேறொன்று நடந்தது.

நான் ரொம்ப நாகரிகமாக எழுதினேன். பாஸ்வேர்டை வைப்பதற்கு முன் கிளிப்போர்டில் என்ன இருந்ததோ அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, நேரம் முடிந்ததும் திரும்ப வைத்துவிடும். பாஸும் அப்படித்தான் செய்கிறது. ஒரு நாள் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை எடுத்தேன், பத்து வினாடி கழித்து மெயிலுக்கானதை எடுத்தேன். இரண்டாவது ப்ராசஸைப் பொறுத்தவரை 'முன்பு இருந்தது' என்றால் எது? வங்கியுடையது. நேரம் முடிந்ததும் மெயில் பாஸ்வேர்டை அழித்துவிட்டு வங்கி பாஸ்வேர்டை மரியாதையாகத் திரும்ப வைத்துவிட்டது. அதை அழிக்க அதன்பிறகு யாரும் இல்லை. மத்தியானம் ஒரு டாகுமெண்டில் ஒட்டும்போதுதான் பார்த்தேன்.

அப்புறம்தான் பாஸின் மூலநிரலை மறுபடி திறந்தேன். வெறும் பேஷ் (லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் ஷெல்) ஸ்கிரிப்ட், வயர்கார்டு விபிஎன் எழுதிய ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதியது. அதில் ஸ்லீப்புக்கு ஒரு தனிப் பெயர் சூட்டி ஓட விடுகிறார். அடுத்த முறை கூப்பிட்டால் அந்தப் பெயரில் ஓடும் பழைய ஸ்லீப்பைத் தேடிக் கொல்கிறது, அரை வினாடி பொறுக்கிறது (அதற்குள் பழையதைத் திரும்ப வைக்கும் வேலை முடிந்துவிடும்), அதற்குப் பிறகுதான் புதியதை வைக்கிறது. முதல் முறை படித்தபோது அந்த அரை வினாடி எதற்கு என்றே புரியாமல் தாண்டிப் போயிருந்தேன்.

வேர்ப்பயனர்:

இரண்டு பேரும் மன்னிக்கவும். டைமர் எல்லாம் இரண்டாம் பட்சம். கிளிப்போர்டில் பாஸ்வேர்டை வைப்பதே தப்பு.

என் கதை சின்னது. கிளிப்போர்டில் வைக்கும் டபிள்யூஎல்-காபி கமாண்டுக்குப் பாஸ்வேர்டை ஆர்க்யுமெண்டாக, கட்டளைவரியிலேயே, கொடுத்திருந்தேன். வேலேண்டில் (லினக்ஸின் புதிய திரை அமைப்பு) நகலெடுத்த ப்ராசஸ் உயிரோடு இருந்தால்தான் ஒட்ட முடியும், அதனால் அது பின்னணியில் நின்றுகொண்டே இருக்கும், தன் முழுக் கட்டளைவரியோடு. அதே மெஷினில் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே இருந்த சக ஊழியர் எதற்காகவோ, ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் அடித்திருக்கிறார். என்னிடம் வந்து, “உங்க பாஸ்வேர்டுல எதுக்கு இத்தனை ஆச்சரியக்குறி?” என்றார். அவ்வளவுதான் கதை.

இப்போது கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ரகசியத்தை ஆர்க்யுமெண்டாகக் கொடுக்கவே கூடாது, ஸ்டான்டர்டு இன்புட் வழியாகத்தான். என்விரான்மெண்ட் வேரியபிளும் வேண்டாம், பிள்ளை ப்ராசஸ்கள் எல்லாவற்றுக்கும் அது போய்ச்சேரும். நிரல் செத்தால் அதன் மெமரியைக் கொட்டிவைக்கும் கோர் டம்ப் அளவைப் பூஜ்யமாக்குங்கள். அந்த மெமரிப் பக்கம் டிஸ்கில் இருக்கும் ஸ்வாப்புக்குப் போகாமல் எம்லாக் போட்டுப் பூட்டுங்கள். விண்டோஸிலும் ஓட வேண்டும் என்றால், 2018 அக்டோபரில் வந்த 1809 பதிப்பிலிருந்து விண்டோஸ் கீ, வி இரண்டையும் அழுத்தினால் கடைசி 25 நகல்களைக் காட்டும் ஹிஸ்டரி இருக்கிறது. அதில் சேர்க்காதே என்று சொல்லத் தனி கிளிப்போர்டு ஃபார்மட்டே உண்டு, மேகத்துக்கு ஏற்றாதே என்பதற்கு இன்னொன்று. அதை வைக்காமல் 45 வினாடியில் அழிப்பதில் என்ன பயன்? மேக்கில் 'மறைக்கப்பட்டது' என்று ஒரு டைப் வைக்க வேண்டும். அதை மதிக்கிற ஆப்கள் மட்டும்தான் மதிக்கும். பக்கத்தில் அதே கணக்கில் ஐஃபோன் இருந்தால் நகல் அங்கேயும் போய் நிற்கும் என்பது தனிக் கதை. லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஇயில் 'பாஸ்வேர்டு மேனேஜர் ஹிண்ட்' என்று ஒரு மைம் டைப். அதில் 'சீக்ரெட்' என்று எழுதி வைத்தால் அதன் கிளிப்போர்டு மேனேஜரான கிளிப்பர் அதை ஹிஸ்டரியில் சேர்க்காது. இதெல்லாம் செய்தாலும் லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11இல் திறந்திருக்கும் எந்த ஜன்னலும் கிளிப்போர்டைக் கேட்டு வாங்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், வேண்டாம். பிரௌசர் எக்ஸ்டென்ஷன் வழியாக நேரடியாக நிரப்புங்கள்.

பழைய பேஷ்:

வேர்ப்பயனர் சார், டெர்மினலில் கேட்கும் பாஸ்வேர்டை எந்த எக்ஸ்டென்ஷன் வந்து நிரப்பும்? ரௌட்டருக்குள் போகும்போது?

அப்புறம் அந்த எம்லாக். கர்சர் எழுதியது பைத்தான். பைத்தானில் ஸ்ட்ரிங்கை இருந்த இடத்திலேயே அழிக்கவே முடியாது, ஒவ்வொரு டீகோடுக்கும் இன்னொரு பிரதி. எந்தப் பக்கத்தைப் பூட்டுவார் அவர்? தவிர, கிளிப்போர்டை வைத்துக்கொண்டு நிற்கிற ப்ராசஸிடம் அது வெட்ட வெளிச்சமாகத்தானே இருக்கிறது.

ஆர்க்யுமெண்ட் விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். நான் அதைத் தவிர்க்கிறேன் பேர்வழி என்று பேஷில் மூன்று 'குறைவு' குறி (<<<) போட்டு ஸ்ட்ரிங்கை உள்ளே தள்ளினேன். பெருமையாக இருந்தது. ஒரு நாள், நிரல் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸை ஓடவிட்டுப் பார்த்தால், டெம்ப் டைரக்டரியில் ஒரு ஃபைலைத் திறந்து, என் பாஸ்வேர்டை எழுதி, உடனே அன்லிங்க் செய்கிறது (அழிக்கிறது). ஒரு ரைட் கால், மேற்கோள் குறிகளுக்கு நடுவில் என் பாஸ்வேர்டு, கடைசியில் ஒரு புதுவரிக் குறி. 2020 டிசம்பரில் வந்த பேஷ் 5.1 முதல் சின்ன ஸ்ட்ரிங் என்றால் பைப் வழியாகவே போகிறது. என் சர்வரில் இருந்தது 4.4.

வேர்ப்பயனர்:

அதற்குத்தான் சி அல்லது ரஸ்டில் எழுதச் சொல்வது. சியில் எழுதினாலும் மெமரியைப் பூஜ்யத்தால் நிரப்பும் மெம்செட் போதாது. அப்புறம் யாரும் படிக்காத மெமரிக்கு எழுதுவது வீண் என்று கம்பைலரே அந்த வரியைத் தூக்கிவிடும். ஜிலிப்சி என்ற சி லைப்ரரியில் 2.25இலிருந்து, அப்படித் தூக்க முடியாத எக்ஸ்ப்ளிசிட்_பிசீரோ இருக்கிறது. ரௌட்டர் பற்றிய கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

(பிறகு வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். - பழைய பேஷ்)

புதுவரி:

பழைய பேஷ் அண்ணா சொன்ன அந்தக் கடைசிப் புதுவரிக் குறி. ஐயோ.

நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்த புதிது. பாஸ்வேர்டை எக்கோ போட்டு, கிளிப்போர்டில் வைக்கும் எக்ஸ்கிளிப்புக்குப் பைப் செய்தேன். எக்கோ தானாக ஒரு புதுவரியைச் சேர்க்கும் என்று தெரியும், ஆனால் அது பாஸ்வேர்டோடு சேர்ந்து போய் உட்காரும் என்று யோசிக்கவில்லை. முக்கால்வாசி இடத்தில் வேலை செய்தது, வெப் பக்கங்கள் அதை வெட்டிவிடுகின்றன. பெரிய திரையில் நான்கைந்து பேருக்கு டெமோ காட்டும்போது தவறான ஜன்னலில் ஒட்டினேன். வெறும் ஷெல். வெறுமனே ஒட்டியதோடு நின்றிருந்தாலாவது பேக்ஸ்பேஸ் அடித்திருப்பேன். புதுவரிதான் என்டராயிற்றே, தானே ஓடிவிட்டது. திரையில் என் பாஸ்வேர்டு, அதற்குக் கீழே பேஷ் அதை மறுபடி ஒருமுறை உச்சரித்து “கமாண்ட் நாட் ஃபவுண்ட்” என்றது. ஒரு தடவை போதாதா?

இப்போது பிரிண்ட்எஃப்தான், சதவீதக்குறி எஸ் மட்டும். முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டால் ஹிஸ்டரியில் சேராது என்கிறார்களே, அது எனக்கு வேலை செய்யவில்லை. ஏன்?

செமிகோலன்:

ஹிஸ்ட்கன்ட்ரோல் வேரியபிளில் இக்னோர்ஸ்பேஸ் இருந்தால்தான். சில டிஸ்ட்ரோக்கள் வைத்தே தருகின்றன, சிலது தருவதில்லை.

எட்டிப்பார்ப்பவன்:

ஹிஸ்டரி பேச்சு வந்ததால் என்னுடையதையும் போடுகிறேன்.

டைமரே வேண்டாம் என்று முடிவு செய்தேன். எக்ஸ்கிளிப்பில் லூப்ஸ் 1 என்று கொடுத்தால் ஒரே ஒரு முறை ஒட்டக் கொடுத்துவிட்டுச் செத்துவிடும். எக்ஸ்11இல் கிளிப்போர்டு என்று தனிப் பெட்டி எதுவும் இல்லை, நகலெடுத்த ப்ராசஸ்தான் கேட்பவருக்குக் கொடுக்கிறது. அது போனால் சரக்கும் போயிற்று. எவ்வளவு அழகான விஷயம் என்று பூரித்துப்போனேன். ஆனால் ஒட்டினால் ஒன்றும் வரவில்லை. மறுபடி, ஒன்றும் இல்லை. சில சமயம் முந்தைய விஷயம் வந்தது. அந்த ஒரே ஒரு முறையை யாரோ எனக்கு முன்னால் வாங்கிப் போய்விடுகிறார்கள்.

யார் என்று தேட ஹோம் டைரக்டரி முழுவதும், சொல்லைத் தேடும் கிரெப் கமாண்டைப் போட்டேன், என் பாஸ்வேர்டையே தேடுசொல்லாகக் கொடுத்து. கிடைத்தது. எப்போதோ நிறுவி மறந்துபோன கிளிப்போர்டு மேனேஜர், நகலெடுத்த எல்லாவற்றையும் சாதாரண ஃபைலில் எழுதி வைத்திருந்தது. அந்த ஒரு பாஸ்வேர்டு மட்டுமில்லை, நான்கு மாதச் சரக்கு. நீக்கினேன், ஃபைலை அழித்தேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று அதே கிரெப். ஒன்று கிடைத்தது. பேஷ் ஹிஸ்டரி ஃபைலில், முந்தின நாள் நான் போட்ட கிரெப் கமாண்ட்.

பழைய பேஷ்:

இதைவிட நல்ல பதிவு இனிமேல் இங்கே வராது.

தொலைதூரம்:

வரும். நான் சர்வரில் ஓடுகிற மாதிரி எழுதினேன். அங்கே எக்ஸ்11 இல்லை, அதனால் ஓஎஸ்சி 52. டெர்மினலுக்கு ஒரு எஸ்கேப் வரிசையை அச்சிட்டால், உங்கள் எதிரில் இருக்கும் மெஷினின் கிளிப்போர்டிலேயே போய் விழும், எஸ்எஸ்எச்சைத் தாண்டி. உள்ளே வைப்பது பேஸ்64 (பூட்டு இல்லை, எழுத்துகளை மாற்றி எழுதும் முறை மட்டும்). எங்கள் சர்வரில் ஒவ்வொரு செஷனும் தணிக்கைக்காக ஸ்கிரிப்ட் கமாண்டால் பதிவாகிக்கொண்டிருந்தது. டெர்மினலுக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும். திரையில் எதுவும் தெரியாததால் எனக்கும் தோன்றவில்லை. தணிக்கை செய்தவர் அந்த வரியை அப்படியே ஒட்டி ஒரே கேள்வி கேட்டு மெயில் போட்டார்: “இது என்ன?” மெயிலுக்குள் பேஸ்64. மெயில் ஏழு பேருக்கு. அதில் ஆறு பேருக்கு அதைப் பிரிக்கத் தெரியும்.

கர்சர்:

எல்லோருக்கும் நன்றி, ஆறுதலாக இருக்கிறது (கொஞ்சம் பயமாகவும்).

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்றால்: ஸ்லீப் 45ஐத் தூக்கிவிட்டேன். முடிகிற நேரத்தைப் பூட்டைம் கடிகாரத்தில் குறித்துக்கொண்டு வினாடிக்கு ஒருமுறை பார்க்கிறது. அது போதாமல், மெஷின் உறங்கப் போகிறது என்று சிஸ்டம்டி (லினக்ஸின் சேவை மேலாளர்) டி-பஸ்ஸில் (நிரல்கள் செய்தி பரிமாறும் வழி) சொல்லும் சிக்னலையும் கேட்டு, அப்போதே அழிக்கிறது. அழிப்பதற்கு முன் கிளிப்போர்டில் இருப்பது நான் வைத்ததுதானா என்று ஒப்பிடுகிறது. செமிகோலன் சொன்ன இரண்டு ப்ராசஸ் கதை என்னிடமும் இருந்தது, நேற்று ராத்திரிதான் பார்த்தேன். திரும்ப வைக்கும் வேலையையே எடுத்துவிட்டேன், காலியாகவே இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்தும், மூடியைச் சாத்துவதற்கு முன் கை தானாக எதையாவது தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் சி அழுத்துகிறது. இன்று காலை மீட்டிங்கில் வேண்டுமென்றே ஒட்டிப் பார்த்தேன். 'அ' என்று ஒற்றை எழுத்து வந்தது. அதற்கும் ஒரு கட்டைவிரல் விழுந்தது, அதே ஆள்.