பொது வேட்பாளரும் அந்த நாற்பது வீதமும்

(2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், வேட்புமனுத் தாக்கல் நெருங்கிய நாட்களில் மூவர் எழுதிக்கொண்டவை)

வடமராட்சியான்: 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெறவுள்ள இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் தமிழர் அனைவர் சார்பிலும் தமிழ்ப் பொது வேட்பாளர் ஒருவரை நிறுத்தவேண்டும் என்பதற்கு, 1982 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ் வேட்பாளரான குமார் பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தில் வென்றதையே பனங்கூடல் நேற்றுச் சான்றாகக் காட்டியிருந்தார். அவர் அங்கே பெற்றது நாற்பது வீதம். மிகுதி அறுபது வீதத்தினரில் பெரும்பாலானோர் சிங்கள வேட்பாளர்களான கொப்பேகடுவவுக்கும் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கும் புள்ளடியிட்டார்கள் என்பதை எழுதுவதற்கு ஏன் கை கூசியது?

பனங்கூடல்: முதலிடத்தில் வந்தவரை வென்றவர் என்று சொல்லாமல் தோற்றவர் என்றா சொல்வது? தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கி நின்ற அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் 173,934 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். இம்முறை போட்டியிடும் ரணில், சஜித், அநுர ஆகிய மூவரின் வாசலிலும் மாறி மாறிக் காத்து நிற்பதை விட அது மேல்.

வடமராட்சியான்: கூட்டுத்தொகையைக் காட்டி நாற்பதை மறைக்கவேண்டாம். 1970களில் வெங்காயத்துக்கும் செத்தல் மிளகாய்க்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது எங்கள் தோட்டக்காரரின் கையில் காசு புழங்கியது. அந்த நன்றியில்தான் அன்றைய விவசாய அமைச்சரான கொப்பேகடுவவுக்கு யாழ்ப்பாணத்தில் முப்பத்தைந்து வீதம் விழுந்தது. என் தந்தை மிளகாய் மூடைகளை அறைக்குள் அடுக்கிவிட, நாங்கள் விறாந்தையில் தும்மிக்கொண்டே படுத்தோம். அந்தக் காசில்தான் எங்கள் வீட்டுக் கிணறு கட்டப்பட்டது.

பனங்கூடல்: அதே காலத்தில் நாங்கள் விடியற்காலையில் பாணுக்கு வரிசையில் நின்றோம். உங்கள் கிணறு எங்கள் வயிற்றில் கட்டப்பட்டது, ஐயா.

வாவிக்கரை: யாழ்ப்பாணத்தின் கிணற்றை விட்டு வெளியே வந்தால் மட்டக்களப்பு என்றொரு மாவட்டம் இருப்பதும் உங்கள் இருவருக்கும் தெரியவரும். தந்தை குமார் பொன்னம்பலம் 1982இல் போட்டியிட்டார். மகன் கஜேந்திரகுமார் இன்று தேர்தலையே புறக்கணிக்கச் சொல்கிறார். 2005இல் வடக்கு வாக்களிக்காமல் இருந்தபோது மகிந்த 180,786 வாக்குகளால் மட்டுமே ரணிலை முந்தினார் என்பதை யாராவது அவருக்கு நினைவூட்டினால் நல்லது.

வடமராட்சியான்: புறக்கணிப்பைப் பற்றி நான் பேசவில்லை. நாற்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

பனங்கூடல்: 2019இல் சஜித்துக்கு வாக்களிக்கச் சொல்லி இங்கே பக்கம் பக்கமாக எழுதியவர் தாங்கள்தான், வடக்கும் கிழக்கும் அப்படியே வாக்களித்தும் கோட்டாபயதான் வந்தார். எவருக்கும் ஐம்பது வீதத்துக்கு மேல் கிடைக்காவிட்டால் இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணப்படும் என்ற ஏற்பாடு இருக்கையில், முதல் வாக்கை நம்மவருக்கு அளிப்பதில் தங்களுக்கு என்ன நட்டம்?

வடமராட்சியான்: நம்மவர் யார்? வேட்புமனுத் தாக்கலுக்கு நாள் நெருங்கியும் பெயர் சொல்ல முடியாத ஒருவருக்காக வாக்குக் கேட்கிறீர்கள். தமிழ் அரசியல்வாதிகளில் சுமந்திரன் எதிர்க்கிறார், விக்னேஸ்வரன் ஆதரிக்கிறார், ஒரே மேடையில் கூடி நின்றவர்களுக்கே பொதுவாக இல்லாதவர் யாருக்குப் பொது? ரொறன்ரோவில் இருந்துகொண்டு விருப்பு வாக்குக்கு வகுப்பெடுக்கும் தங்களிடம் இந்தத் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு இருக்கிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பனங்கூடல்: வாக்குச்சீட்டு இல்லாதவனின் வாயையும் மூடச் சொல்கிறீர்களா? குமார் பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெற்றார். இதை இன்னும் நூறு தடவை எழுதுவேன்.

வடமராட்சியான்: எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் அதன் கீழே நாற்பது வீதம் என்று நான் எழுதுவேன்.

வாவிக்கரை: மட்டக்களப்பைப் பற்றி இருவரும் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.