மாமாவுக்கு எந்த ஹோம்ஸைக் காட்டுவது?

கோண்டாவில் மருமகள்:

வீட்டில் மூன்று கிழமையாக ஒரு சண்டை. தீர்த்துவைக்க ஆள் தேவை.

என் மாமா, கொனன் டொயில் எழுதிய துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் பைத்தியம். தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லாத காலத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் அவ்வளவையும் வாசித்தவர். வாசிகசாலையில் எடுத்த ஆங்கிலத் தொகுப்புக்கு முன் அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. கடைசிக் கதையில் யார் செய்தது என்று அவருக்குப் பத்து வருடம் கழித்து, கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் நின்றபடிதான் தெரிந்ததாம்.

இப்போது கண்ணில் கற்றரக்ட் ஒப்பரேஷன் முடிந்திருக்கிறது. கொஞ்ச நாளைக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று அம்மாவின் உத்தரவு. சரி, புது ஹோம்ஸைத் திரையில் காட்டுவோம் என்று நானும் தம்பியும் முடிவெடுத்தோம். எதைக் காட்டுவது என்பதில்தான் பிரச்சினை.

நான் பிபிசியின் 'ஷெர்லக்' கட்சி. 2010இல் தொடங்கி 2017இல் முடிந்தது, எல்லாம் சேர்த்து 13 பகுதிகள்தான், ஹோம்ஸ் பெனடிக்ட் கம்பர்பாட்ச். தம்பி 'எலிமென்டரி' கட்சி. கதை நியூயோர்க்கில், ஜொனி லீ மில்லர் ஹோம்ஸ், அவருடைய தோழர் வாட்சன் இதில் ஒரு பெண், லூசி லியூ. 2012 முதல் 2019 வரை 154 பகுதிகள். "அதைப் பார்த்து முடிக்கிறதுக்குள் மாமாவின் மற்றக் கண்ணுக்கும் ஒப்பரேஷன் வந்துவிடும்" என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

என் கட்சிக்கு ஒரு காட்சி போதும். 1890இல் வந்த இரண்டாவது ஹோம்ஸ் நாவலில் வாட்சன் ஒரு பொக்கெற் மணிக்கூட்டைக் கொடுத்து, இதை வைத்திருந்தவரைப் பற்றிச் சொல் என்கிறார். உள்மூடியில் அடகுக்கடைக்காரர் ஊசியால் கீறிய இலக்கங்கள் நான்கு. ஆள் நான்கு முறையாவது அடகு வைத்து மீட்டிருக்கிறான். சாவி போடும் துளையைச் சுற்றி ஆயிரம் கீறல், குடித்த கை இரவில் தடுமாறியதால் வந்தது. 2010இல் 'ஷெர்லக்'கில் மணிக்கூடு போய் போன் வந்துவிட்டது. சார்ஜர் குத்தும் இடத்தைச் சுற்றி அதே கீறல், அதே குடி. கடைசியில் ஷெர்லக் ஒரே ஒரு இடத்தில் சறுக்குவான், அது எங்கே என்று சொல்லமாட்டேன். பழைய கதை தெரிந்தவனையும் ஏமாற்றுகிறார்களே, அது எனக்குப் பிடிக்கும்.

தம்பி விடவில்லை. "அதே நாவல் எப்படித் தொடங்குது? ஹோம்ஸ் தன் கையில் ஏழு வீதக் கொக்கெயின் ஊசி போடுறதில. உன்ர ஆக்கள் மணிக்கூட்டை எடுத்தவை, ஊசிக்குப் பதிலா நிக்கொட்டின் பட்டை ஒட்டினவை. 'எலிமென்டரி'தான் ஊசியை நேரே பார்த்தது." அதில் ஹோம்ஸ் ஹெரோயினை விட்டு வெளியே வந்தவன், வாட்சன் சத்திரசிகிச்சையைக் கைவிட்ட டொக்டர். அவன் திரும்பவும் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளத்துக்கு வருகிறாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை, அதுதான் எரிச்சல்.

இன்னொன்று: மாமா ஆங்கிலம் நன்றாக வாசிப்பார், ஆனால் வேகமாகக் கதைத்தால் பிடிபடாது. எதில் தொடங்கலாம்?


பருத்தித்துறைப் பழசு:

தங்கச்சி, இரண்டையும் மூடி வையுங்கோ. ஜெரமி பிறெட் நடித்த ஹோம்ஸைப் போடுங்கோ. 1984 முதல் 1994 வரை கிரனடா தொலைக்காட்சி எடுத்த 41 படங்கள். சொல்லுக்குச் சொல் தெளிவாக இருக்கும். பத்திரிகையில் வந்த சிட்னி பஜெற்றின் சித்திரங்களைப் பார்த்துப் பார்த்து அந்த நிற்பு, இருப்பு எல்லாம் அமைத்திருக்கிறார்கள். மாமா கண் தெளிந்ததும் முதலில் பார்க்கவேண்டிய முகம் அதுதான்.

ஆனால் உங்கள் சண்டை எனக்கு விளங்குகிறது. எங்கள் அப்பர் காலத்தில் நடிகமணி வைரமுத்துவின் 'மயான காண்டம்' நாடகம் என்றால் சனம் பாயோடு போகும். அரிச்சந்திரன் கதை தெரியாமலா போனது? இன்றைக்கு மனிசன் எப்படிப் பாடுகிறான் என்று பார்க்கத்தான். விடிந்த பிறகு தேத்தண்ணிக் கடையில் போன முறையா இந்த முறையா என்று அடிபடுவார்கள்.

அதோடு ஒன்று. உங்கள் ஹோம்ஸும் தம்பியின் ஹோம்ஸும் 2011இல் லண்டனில் ஒரே நாடகத்தில் நடித்தவர்கள். 'பிராங்கன்ஸ்டைன்'. ஒரு நாள் கம்பர்பாட்ச் விஞ்ஞானி, மில்லர் பிராணி. மறுநாள் மாறி. பரிசையும் பங்குபோட்டுத்தான் கொடுத்தார்கள். அவர்களுக்குள் சண்டை இல்லை, கோண்டாவிலில்தான் சண்டை.


சுன்னாகம் ரீச்சர்:

பிள்ளை, ஐரீன் அட்லரைப் பற்றி ஏன் ஒருவரும் கதைக்கவில்லை? 1891இல் வந்த சின்னக் கதை அது. அந்தப் பெண் ஹோம்ஸை வெல்கிறாள், கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறாள், அவ்வளவுதான். பிபிசிக்காரர் 2012இல் அதை எடுத்தபோது கடைசியில் அவளுடைய போன் பூட்டை அவன் திறந்துவிடுகிறான், போதாததற்கு அவளைக் காப்பாற்றவும் போகிறான். நூற்றியிருபது வருடத்துக்குப் பிறகு பெண்ணைத் தோற்கவைப்பதற்கு எதற்குப் புதுமை? 'எலிமென்டரி' அவளை என்ன செய்தது என்று சொன்னால் தம்பி அடிக்க வருவார். அங்கே வாட்சன் படிப்படியாகத் துப்பறியப் பழகித் தானே வழக்கெடுக்கிறாள். என் வாக்கு தம்பிக்கு.

பிறெட்டின் முதல் பகுதியும் ஐரீன் கதைதான். அதில் அவள் வெல்கிறாள்.


குருநகர் காற்று:

வாட்சனுக்குச் சூடு பட்டது தோளிலா காலிலா? முதல் நாவலில் தோள், அடுத்ததில் கால். டொயில் மறந்துவிட்டார். பிபிசி வாட்சனுக்குத் தோளில் சூடு, கால் நொண்டுவது மனதால். எழுதினவரின் பிழையையே கதையாக்கினவங்களுக்கு என் வாக்கு. (ரீச்சர் கோபிக்க வேண்டாம்.)


கோண்டாவில் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

பழசு அண்ணை சொன்னபடி பிறெட்டின் ஐரீன் கதையை முதலில் போட்டோம். மாமா கறுப்புக் கண்ணாடியோடு நிமிர்ந்து இருந்தார், தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு 'ஷெர்லக்' முதல் பகுதி. திரையில் எழுத்து மிதக்கும்போதெல்லாம் "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்க, நான் வாசிக்க, அதற்குள் கம்பர்பாட்ச் நான்கு வசனம் தாண்டிவிடுவான். இதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் போன் கைமாறியதும் மாமா கையை உயர்த்தி, நிற்பாட்டச் சொன்னார். "உது வாட்சன்ர தமையன்ர மணிக்கூடெல்லோ!" ஷெர்லக் வாயைத் திறக்க முன்பே கீறலைச் சொல்லிவிட்டார். தம்பியின் முகத்தைப் பார்த்தேன், எனக்கு ஒரு திருப்தி.

ஞாயிறு 'எலிமென்டரி' இரண்டு பகுதி. வசனம் எல்லாம் பிடிபட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போதுதான், "அந்தப் பிள்ளை பாவம், அவனுக்குக் காவல் இருக்குது" என்றார். தம்பி இதை வெற்றி என்கிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. ஐரீன் கதை புத்தகத்தில் தொடங்கும் இடத்தில், திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களின் விசித்திரமான துயரத்தை ஹோம்ஸ் துலக்கியதாக ஒரு வரி வரும். டொயில் அதை எழுதவே இல்லை. மாமாவுக்கு அந்த வரி நினைவுக்கு வந்துவிட்டது. திங்கள் இரவிலிருந்து அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார். மூத்த அட்கின்சன் அங்குள்ள மலைப்பிளவான இராவணன் வெட்டிலிருந்து விழுந்துவிட்டான், கோட்டைக் காவல்காரனின் லாந்தரில் எண்ணெய் தீரவில்லை, அப்படியானால் அது ஏன் அணைந்தது என்ற இடத்தில் நிற்கிறது. மிச்சம் நாளைக்காம். தம்பி மூன்றாவது பகுதியை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறான்.