சைதாப்பேட்டை 2021: இரண்டு மேயர்களின் பிரச்சார நோட்டீஸ் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. மேயராக இருந்துவிட்டு சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2021 தேர்தலில் சைதாப்பேட்டையில் சென்னையின் முன்னாள் மேயர்கள் இருவர் நேருக்கு நேர் மோதினார்கள்: திமுகவின் மா. சுப்பிரமணியன், அதிமுகவின் சைதை துரைசாமி. 2006 முதல் 2011 வரை மா. சுப்பிரமணியன் மேயர், அடுத்த ஐந்தாண்டு சைதை துரைசாமி. வென்றது மா.சு. இப்படியொரு போட்டி எவ்வளவு அபூர்வம்!

என்னிடம் இருப்பது ஒரே ஒரு நோட்டீஸ். அம்மா ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தது. மடிப்பில் கிழிந்து, வாக்குறுதிகள் இருந்த பகுதியே போய்விட்டது. மாநகராட்சியில் செய்த வேலைகளைச் சொல்லி இருவரும் எப்படி ஓட்டுக் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பஜார் ரோடு, ஜீனிஸ் ரோடு பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பீரோவைத் தேடிப் பாருங்களேன். நோட்டீஸை நேராக வைத்து, வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். அப்புறம், வீடு வீடாக வந்தபோது அவர்களிடம் நேரில் பேசியவர்கள் இருந்தால், என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டேன்.