கார்டு கடன் கழுத்த நெரிக்குது, தசமபாகத்த நிறுத்தலாமா?

ஜெபா_திருவொற்றியூர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க. கைக்கு வர்ற சம்பளம் 38,000. வாடகை, பாப்பா ஸ்கூல், ஊர்ல அம்மாவுக்கு மாத்திரை செலவு எல்லாம் போக கையில நிக்கிறது ரொம்ப கம்மி. தங்கச்சி கல்யாணத்தப்போ கிரெடிட் கார்டுல எடுத்தது, அப்புறம் ஆஸ்பத்திரி செலவு, எல்லாம் சேந்து இப்ப 1,40,000 நிக்குது. மாசம் மினிமம் ட்யூ 7,000 கட்டுறேன் ஆனா பேலன்ஸ் அசையவே மாட்டேங்குது. தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு சபைக்கு) 3,800 ஒரு மாசமும் விட்டதில்ல. இப்ப பாஸ்டர் ஐயா பிடித்தம் போறதுக்கு முன்னாடி வர்ற 44,000க்குத்தான் கணக்கு, அதனால 4,400 குடுக்கணும்னு சொல்றாங்க. இது போக ஆலய கட்டடத்துக்கு பொருத்தனை (இவ்ளோ குடுக்குறேன்னு நேர்ந்துக்குறது) ஃபார்ம் குடுத்துருக்காங்க, எங்க லெவலுக்கு 25,000 போடலாம்னு ஒரு மூப்பர் சொன்னாரு, இன்னும் எழுதல, பைபிளுக்குள்ளயே மடிச்சு வெச்சிருக்கேன். இதுக்கு நடுவுல மச்சான் வண்டி லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட சொல்றான். தசமபாகத்த கொஞ்ச நாள் நிறுத்திட்டு கடன அடைக்கலாம்னு நெனச்சா மல்கியா 3ல "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா"ன்னு இருக்கே, அத படிச்சா பயமா இருக்கு. வசனத்தோட யாராவது சொல்லுங்க, கிண்டல் பண்றவங்க தயவுசெஞ்சு வேணாம்.

கிருபை_போதும்:

ஸ்தோத்திரம் பிரதர். பயப்படாதீங்க ஆனா நிறுத்தவும் நிறுத்தாதீங்க. 1 இராஜாக்கள் 17 எடுத்து படிங்க, சாறிபாத் விதவைகிட்ட பானையில ஒரு பிடி மாவு, கலயத்துல கொஞ்சம் எண்ணெய், அத சாப்ட்டுட்டு சாகப்போறோம்னு சொல்றா, அவகிட்ட போயி எலியா தீர்க்கதரிசி முதல்ல எனக்கு ஒரு சின்ன அடை பண்ணி கொண்டுவான்னு கேக்குறாரு. அவ குடுத்தா, பானையில மாவு செலவழிஞ்சு போகல. நாங்களும் நெருக்கத்துலதான் குடுத்தோம், கர்த்தர் எங்கள ஒரு நாளும் கைவிடல. முதல் கனி கர்த்தருக்கு, மிச்சத்த அவர் பாத்துக்குவாரு. பொருத்தனை மட்டும் உங்க விசுவாசத்துக்கு தக்கன போடுங்க, யாரும் சொல்ற தொகைய போட வேண்டாம்.

பேங்க்_கவுண்ட்டர்:

வசனம் மத்தவங்க சொல்லுவாங்க, நான் வட்டிய சொல்றேன். அநேக கார்டுல மாசம் மூணரை ரூபா வட்டி. 1,40,000க்கு 4,900, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம் 882, ஆக 5,782 வட்டியாவே போகுது. நீங்க கட்டுற 7,000ல அசல்ல கழியிறது 1,218 ரூபா. அதுவும் அந்த மாசம் கார்டுல புதுசா எதுவும் தேய்க்காம இருந்தாதான். ஊர்ல தண்டல்காரன் இந்த வட்டிய கேட்டா கந்துவட்டின்னு கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதுவோம், கார்டுல வந்தா ரிவார்ட் பாயிண்ட்டுன்னு சந்தோஷப்படுறோம்.

அதாவது நீங்க சபைக்கு குடுக்குற 3,800 பத்தி யோசிச்சுட்டு இருக்கீங்க, அதவிட 2,000 ரூபா ஜாஸ்தியா ஒவ்வொரு மாசமும் வட்டிக்கு போயிட்டிருக்கு. முதல்ல அந்த ஓட்டைய அடைங்க. வீட்ல நகை ஏதாவது இருக்கா?

ஜாமீன் விஷயம் தனி. கையெழுத்து போட்டா மச்சான் கட்டாதப்போ முழு கடனுக்கும் நீங்க பொறுப்பு, அவன்கிட்ட மொதல்ல வசூல் பண்ணிட்டு அப்புறம் உங்ககிட்ட வரணும்னு பேங்குக்கு சட்டத்துல கட்டாயம் இல்ல. உங்க சிபில் (கடன் வரலாறு) ரிப்போர்ட்லயும் ஏறும்.

ஜெபா_திருவொற்றியூர்:

இந்த கணக்கு இப்படி யாரும் சொன்னதில்ல அண்ணே. நகை இருக்கு, வீட்டம்மாவோடது அஞ்சு பவுன். நாங்க இந்த சபைக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்ததுல இருந்து அவங்க நகை போடுறதில்ல, பீரோல ஒரு டப்பாவுல அப்படியே கெடக்கு. மாமியார் போட்டது, பாப்பாவுக்கு ஆகும்னு வெச்சிருக்கோம். நகை அடகு வெக்கிறதும் கடன்தானே, "கடன்படாதிருங்கள்"னு ரோமர் 13ல இருக்கேன்னுதான் யோசிச்சேன்.

பாளையங்கோட்டை_பேரன்:

தம்பி நான் சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), எங்க தாத்தா உபதேசியாரா இருந்தவரு, அதனால உங்க பாஸ்டர் சொல்றதுக்கு மாத்தி சொன்னா அவங்க ஒத்துக்கமாட்டாங்க, ஆனா பைபிள் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

கிருபை சிஸ்டர் (பிரதரா தெரியல) ஒரு விதவைய சொன்னாங்க, நான் இன்னொரு விதவைய சொல்றேன். 2 இராஜாக்கள் 4. புருஷன் செத்துட்டான், கடன் குடுத்தவன் ரெண்டு பிள்ளைங்களையும் அடிமையா புடிச்சிட்டு போக வந்துட்டான், அவ எலிசா தீர்க்கதரிசிகிட்ட அழுறா. நான் உனக்கு என்ன செய்யணும்னு கேட்டுட்டு அவர் அடுத்து கேக்குற கேள்வி என்ன, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்". நம்ம பேங்க் அண்ணன் கேட்ட அதே கேள்வி. ஒரு குடம் எண்ணெய்ங்குறா. அற்புதம் நடந்து பாத்திரமெல்லாம் ரொம்புன பெறகு எலிசா சொல்றாரு, "நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்". விக்கணும், கடன தீக்கணும், மிச்சத்துல பொழைக்கணும், அதுதான் வரிசை. எண்ணெய் அற்புதத்துல வந்தது, அதுல ஒரு பங்கு எனக்குன்னு தீர்க்கதரிசி கேக்கல. சாறிபாத்துக்காரிக்கு கடன் இருந்ததா வேதத்துல எங்கயும் இல்ல, அவ குடுத்தது அவ சொந்த மாவு. உங்க கதை எண்ணெய்க்காரி கதை.

தசமபாகமே வேணாம்னு நான் சொல்லல. மல்கியாவ சொல்றவங்க உபாகமம் 14ஐயும் சேத்து படிக்கணும், அதுல தானியம், திராட்சரசம், எண்ணெயில பத்துல ஒண்ணு எடுத்து கர்த்தர் சந்நிதியில குடும்பத்தோட சாப்பிட்டு சந்தோஷப்படுன்னு இருக்கு, மூணாம் வருஷத்துது லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும். அதுல கிராஸ் சேலரி நெட் சேலரி எல்லாம் எங்க இருக்கு? பவுல் 2 கொரிந்தியர் 9ல "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல"ன்னு எழுதிருக்காரு, நீங்க பயத்துல குடுத்துட்டிருக்கீங்க. எங்க ஊர்ல அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு சேவல கடை விலைக்கு நாலு மடங்கு குடுத்து எடுப்பாங்க, எடுத்து திரும்ப ஏலத்துக்கே விட்டுருவாங்க, அது உற்சாகம். கடன வெச்சுட்டு கை நடுங்கி கவர்ல போடுறது வேற.

ரோமர் 13:8க்கு மேல ஏழாம் வசனத்த பாருங்க, யாருக்கு என்ன செலுத்தணுமோ அத செலுத்துங்கன்னுதான் ஆரம்பிக்கிறாரு, கட்ட வேண்டியத கட்டாம விடாதேங்குறதுதான் பேச்சு. கூட வட்டிக் கடன கம்மி வட்டிக்கு மாத்துனா நீங்க புதுசா கடனாளி ஆகல. ஜாமீனுக்கு நீதிமொழிகள் 6 மொத அஞ்சு வசனம் போதும், வெளிமான் வேட்டைக்காரன் கைக்கு தப்புற மாதிரி தப்பிச்சுக்கோன்னு இருக்கு. மச்சானுக்கே அனுப்பி விடுங்க.

மேரி_டீச்சர்:

எல்லா ஆம்பளைங்களும் அந்த அஞ்சு பவுன எடைபோட்டு முடிச்சாச்சு, அந்த பொண்ணுகிட்ட யாராவது கேட்டீங்களா? ஜெபா தம்பி, அது உங்க மனைவிக்கு அவங்க அம்மா போட்டது. நகை போடுறதில்லன்னு முடிவு பண்ணது அவங்க விசுவாசம், அதுக்காக அது குடும்பப் பொது சொத்து ஆயிடாது. எலிசா வசனத்த கையில எடுத்துட்டு போயி பீரோவ தொறக்காதீங்க. பேங்க் அண்ணன் போட்ட அந்த 1,218 ரூபா கணக்க ஒரு பேப்பர்ல எழுதி அவங்க முன்னாடி வைங்க, அவங்க சொல்லட்டும். வெச்சா அவங்க பேர்லயே வைங்க.

இன்னொண்ணு, அம்மா மாத்திரைன்னு எழுதிருந்தீங்க. எந்த காரணத்துக்காகவும் அதுல கை வெக்காதீங்க. அப்பா அம்மாவுக்கு செய்ய வேண்டியத கொர்பான் (தேவனுக்குன்னு ஒதுக்குன காணிக்கை)னு சொல்லி காணிக்கைல போட்டவங்கள இயேசு மாற்கு 7ல என்ன சொன்னாருன்னு உங்களுக்கே தெரியும். அந்த 25,000 ஃபார்ம எழுதாம திருப்பி குடுத்துருங்க. நேர்ந்துட்டு செய்யாம போறத விட நேராம இருக்குறதே நல்லதுன்னு பிரசங்கி 5லயே இருக்கு.

கிருபை_போதும்:

நான் சிஸ்டர்தான். பாளை அண்ணன் சொன்ன எண்ணெய் கதை நியாயந்தான், மறுக்கல. ஆனா ஒண்ணு, கடன் தீர்ற வரைக்கும் நிறுத்துறேன்னு நிறுத்துறவங்க கடன் தீந்த பெறகு வேற ஒரு காரணம் வெச்சிருப்பாங்க, எங்க சபைலயே பாத்துருக்கேன். அதனால முழுசா நிறுத்தாம ஒரு தொகைய மனசுல நியமிச்சு குடுங்க, 500 ஆனாலும் சரி. பாஸ்டர்கிட்ட ஒளிக்காம நெலமைய சொல்லிருங்க, நல்ல மேய்ப்பனா இருந்தா புரிஞ்சுக்குவாரு.

பாளையங்கோட்டை_பேரன்:

இதுல நானும் சிஸ்டர் பக்கந்தான். 2 கொரிந்தியர் 8:12, இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே.

பேங்க்_கவுண்ட்டர்:

நகைக்கு பேங்க்ல ஒரு ரூபா வட்டின்னே வெச்சுக்கோங்க, அதுக்கு கீழயும் கெடைக்கும். 1,40,000க்கு மாசம் 1,400. இப்ப கட்டுற அதே 7,000த்த நகைக்கடன்ல மாசாமாசம் கட்டிட்டு வந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள நகை வீட்டுக்கு வந்துரும். தங்கம் விக்கிற விலைக்கு அஞ்சு பவுனும் வெக்க வேண்டி வராது. அசல்ல இடையில கட்டலாமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. நிறைய பேரு வருஷத்துக்கு ஒருக்க வட்டிய மட்டும் கட்டி திருப்பி திருப்பி வெப்பாங்க, கடைசில ஏல நோட்டீஸ் வரும். அப்புறம் கார்டு காலியாயிருச்சுன்னு மறுபடி தேய்ச்சா ரெண்டு கடன் ஆயிரும், அதுக்கு என்கிட்ட வசனம் இல்ல.

ஜெபா_திருவொற்றியூர்:

எல்லாருக்கும் நன்றி, முக்கியமா டீச்சரம்மாவுக்கு. நேத்து ராத்திரி வீட்டம்மாகிட்ட பேப்பர்ல எழுதி காட்டுனேன், அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க, இத ஏன் இத்தன நாளா சொல்லலன்னு. செயினும் ரெண்டு வளையலும் வெக்கலாம், மோதிரமும் கம்மலும் பாப்பாவுக்கு, அத தொடக்கூடாதுன்னுட்டாங்க. காணிக்கை மாசம் 1,000னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கோம், பாஸ்டர் ஐயாவ ஞாயித்துக்கிழமை பாக்கணும், அவர் என்ன சொல்லுவாரோ தெரியல. ஃபார்ம திருப்பி குடுத்துருவேன். மச்சான் மூஞ்ச தூக்கிட்டு இருக்கான். அண்ணே கார்ட முழுசா கட்டுனதும் க்ளோஸ் பண்ண சொன்னா இழுத்தடிப்பாங்களா?

பேங்க்_கவுண்ட்டர்:

பாக்கி இல்லேன்னா நீங்க கேட்டதுல இருந்து 7 வேலை நாளைக்குள்ள மூடணும், தாமதம் ஆனா நாளுக்கு 500 ரூபா உங்களுக்கு அவங்க குடுக்கணும், ரிசர்வ் பேங்க் 2022ல போட்ட விதி. போன்ல மட்டும் சொல்லாதீங்க, மெயில்லயும் போடுங்க. கடைசி ஸ்டேட்மெண்ட்டுக்கு அப்புறம் ஓடுன வட்டின்னு சின்ன தொகை ஒண்ணு வரும், அதையும் கட்டிட்டு நோ ட்யூஸ் லெட்டர் வாங்கிக்கோங்க.