ஹைலக்ஸை 2 இன்ச் தூக்க வேண்டும், நல்ல சாமான் எங்கே எடுப்பது?

நாலு ஏக்கர், ஊத்தான் மெலிந்தாங்

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். மலேசியா, பேராக்கிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2009 ஹைலக்ஸ் 2.5, நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் தட்டு ஸ்பிரிங். வாங்கும்போதே செகண்ட்ஹேண்ட். பின் ஷேக்கிளைத் தவிர அடியில் இதுவரை எதையும் மாற்றியதில்லை.

அப்பா தோட்டத்தில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிய நாலு ஏக்கரில் செம்பனை போட்டிருக்கிறோம். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதை, ஒரு பக்கம் முழுக்கப் பாரிட் (வடிகால்). கடலோரக் களிமண் எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். வெயிலில் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். அக்டோபர், நவம்பர் மழை பிடித்தால் லோரி போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, நடுவில் மேடு மட்டும் நிற்கும். அந்த மேட்டில்தான் என் வண்டி உரசுகிறது. போன மாதம் இரண்டு தடவை அப்படியே வயிறு தட்டி நின்றுவிட்டது. இரண்டாவது தடவை குலையை எல்லாம் கீழே இறக்கி, பக்கத்து நிலத்துக்காரரின் டிராக்டரை வைத்து இழுத்தோம். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அன்றைக்கு எடை போடும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததே இருட்டிய பிறகுதான்.

12 நாளுக்கு ஒரு தடவை அறுப்பு. ஒரு நடைக்கு 40 குலை ஏற்றினால் 800 கிலோ வரும். மற்ற நாளில் வண்டி காலி. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விடுவேன், அம்மாவை தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன்.

2 இன்ச் தூக்கலாம் என்று இருக்கிறேன். ஆன்லைனில் முன்னால் வைக்கும் வட்டத் தகடும் பின்னால் நீள ஷேக்கிளும் (தட்டு ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) சேர்த்து மலிவாக விற்கிறார்கள். ஆனால் போன வருஷம் அப்படி ஆன்லைனில் வாங்கிய ஷேக்கிளின் புஷ் (ரப்பர் உருளை) மூன்றே மாதத்தில் ஆட ஆரம்பித்துவிட்டது. படத்தில் இருந்ததும் கைக்கு வந்ததும் வேறு. விற்றவர் பதிலே போடவில்லை. இந்தத் தடவை ஒழுங்காகச் செய்ய ஆசை. ஈப்போவில் தேடுவதா, தாய்லாந்தின் ஹாட்யாய் போய்வருவதா, அல்லது ஆஸ்திரேலியா சாமானா? 3,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தால் நல்லது.

பழைய பிட்டர்

தம்பி, எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் 26 வருஷம் பிட்டராக இருந்தவன் சொல்கிறேன். சாமான் வாங்குவது அப்புறம். உரசுவது எது என்று முதலில் பார்.

உன் வண்டியின் பின் அக்சில் ஒரே குழாய், நடுவில் டிஃப்பின் (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கும் கியர்) உருண்டை. அந்தக் குழாய் இரண்டு சக்கரத்திலும் நிற்கிறது, ஸ்பிரிங்கில் நிற்கவில்லை. 2 இன்ச் தூக்கினாலும் 4 இன்ச் தூக்கினாலும் சேசிஸும் பாடியும்தான் மேலே போகும். டிஃப் இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்த வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும், டயர் எவ்வளவு உயர்கிறதோ அதில் பாதி கிடைக்கும். நிறையப் பேர் காசைக் கொட்டித் தூக்கிவிட்டு, அதே மேட்டில் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மனசு கேட்காது.

வண்டியின் அடியை நன்றாகக் கழுவு. டிஃப், ஸ்பேர் டயர், புகைக்குழாய், கியர்பாக்ஸ் தாங்கி, முன் தகடு எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டைக் கொஞ்சம் தடவிவிட்டு, ஒரு நடை சுமையோடு போய் வா. எங்கே பெயிண்ட் போயிருக்கிறதோ அதுதான் பதில்.

அப்புறம் உயரத்தை அள. தரையிலிருந்து அளக்காதே, டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு சக்கரத்திலும் அளந்து எழுது. காலியாக ஒரு தடவை, சுமையோடு ஒரு தடவை.

முன்னால் வைக்கும் வட்டத் தகட்டைப் பற்றி ஒரு சொல். முன் அப்சோர்பர் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாய்) சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் நுனியில் உட்காரவில்லை, உள்ளே தள்ளி உட்கார்கிறது. அதனால் தகடு எவ்வளவு தடிப்போ அதைவிட அதிகமாகச் சக்கரம் கீழே இறங்கும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது பால் ஜாயிண்டும் டிரைவ் ஷாப்ட் ஜாயிண்டும் அவற்றின் எல்லையைத் தாண்டி மடங்கும். களிமண் பாதையில் தினம் ஓடுகிற வண்டிக்கு நான் அதைப் போடவே மாட்டேன். உயரம் வேண்டுமானால் அதற்கென்று செய்த காயிலும் அப்சோர்பரும் வாங்கிப் போடு.

நாலு ஏக்கர், ஊத்தான் மெலிந்தாங்

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அறுப்பு, 38 குலை.

பெயிண்ட் போன இடம் மூன்று. ஸ்பேர் டயரின் அடிப்பக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. புகைக்குழாய் வளைவில் ஒரு கோடு. டிஃப்பில் இருக்கிறது, ஆனால் லேசாகத்தான். முன் தகட்டில் ஒன்றுமே இல்லை.

அளவு: காலியாக முன்னால் இரண்டு பக்கமும் 49 சென்டி. பின்னால் வலது 50, இடது 47.5. சுமையோடு இடது பின் 39க்கு வந்துவிட்டது! ஏன் இப்படி என்று இடது தட்டு ஸ்பிரிங்கைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தால், மேலிருந்து மூன்றாவது தட்டு நடு போல்ட்டுக்குப் பக்கத்தில் உடைந்திருக்கிறது. சேறு மூடியிருந்ததால் தெரியவே இல்லை. பிள்ளைகளை இந்த வண்டியில்தானே ஏற்றிக்கொண்டு போனேன் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அப்படியென்றால் நான் முதலில் தேட வேண்டியது பின் ஸ்பிரிங்தானே? எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது?

கவுண்டர் அக்கா

தம்பி, நான் தெலுக் இந்தான் பக்கம் ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் 14 வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். எங்கள் கடையில் தட்டு ஸ்பிரிங் இல்லை, அதனால் வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

உடைந்த ஒரு தட்டை மட்டும் மாற்றாதீர்கள். பழைய தட்டைத் தட்டி வளைத்துத் தருகிறோம் என்பார்கள், அதுவும் வேண்டாம். களைத்துப்போன இரும்பு, சில மாதத்தில் திரும்பத் தாழ்ந்துவிடும். இரண்டு பக்கமும் முழுச் செட்டாகப் புதிதாகப் போடுங்கள். இதற்கு ஹாட்யாய் வரை ஓட வேண்டியதில்லை. தட்டு ஸ்பிரிங் நம் நாட்டிலேயே செய்கிறார்கள், போர்ட் கிள்ளானில் ஏபிஎம் தொழிற்சாலை இருக்கிறது. ஈப்போவில் லோரி ஸ்பிரிங் செய்கிற பட்டறைகளில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் இமு, அயர்ன்மேன் என்றால் 2 இன்ச் உயரத்தோடு சேர்த்தே வரும், விலை கூட. வாங்கும்போது அவர்கள் "எப்போதும் எத்தனை கிலோ ஏற்றுவீர்கள்" என்று கேட்பார்கள். அங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். நீங்கள் 800 கிலோ ஏற்றுவது மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான். அதற்காக 500 கிலோ எப்போதும் சுமக்கிற ஸ்பிரிங் எடுத்தால், காலியாகப் போகும் மற்ற நாளெல்லாம் பின்பக்கம் துள்ளும், ஈர ரோட்டில் வால் வழுக்கும். பிள்ளைகள் உட்காரும் வண்டி. 300 கிலோ வகையைக் கேளுங்கள். ஒன்று மறக்க வேண்டாம், ஸ்பிரிங் எவ்வளவு தடித்தாலும் வண்டி ஏற்றலாம் என்று எழுதியிருக்கும் எடை ஏறாது.

கடைக்குப் போகும்போது கிராண்ட்டின் (வண்டிப் பதிவுச் சான்று) நகலைக் கொண்டு போங்கள், அதில் சேசிஸ் நம்பர் இருக்கும். "ஹைலக்ஸ் 2009" என்று மட்டும் சொன்னால் தாழ்வான டூ வீல் டிரைவ் வண்டியின் சாமானைக் கொடுத்துவிடுவார்கள். கழற்றிய பழைய சாமானையும் கையில் எடுத்துப் போங்கள். யூ போல்ட்டுக்கு (ஸ்பிரிங்கை அக்சிலோடு கட்டும் வளைந்த போல்ட்) நாலு விஷயம் பார்க்க வேண்டும்: கம்பியின் தடிப்பு, உள் அகலம், உள் நீளம், வளைவு வட்டமா சதுரமா. மரையும் ஒத்துப்போக வேண்டும். தட்டு தடித்தால் போல்ட் நீளமாக வேண்டும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது, ஒரு தடவை இறுக்கியதும் அது இழுபட்டுவிடும். புஷ்ஷுக்கு உள் விட்டம், வெளி விட்டம், நீளம் மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பழைய ஷேக்கிள் ஆடியதற்குக் காரணம் அநேகமாக இந்த அளவுதான். அரை மில்லி கூடினாலும் ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும்.

நீள ஷேக்கிளை விடுங்கள். அது ஸ்பிரிங்கின் ஒரு முனையை மட்டும்தான் இறக்குகிறது, அதனால் ஷேக்கிள் 4 இன்ச் நீண்டால்தான் வண்டி 2 இன்ச் ஏறும். டிஃப்பின் மூக்கும் திரும்பிவிடும், புரொப்பெல்லர் ஷாப்ட் அதிரும்.

பின் அப்சோர்பரும் கூடவே வாங்க வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டால் சக்கரம் தொங்கும்போது முழு எடையையும் அப்சோர்பர் தாங்கும், கண் கழன்று வந்துவிடும்.

இன்னொன்று. உயரத்தையோ டயர் அளவையோ மாற்றுவதற்கு முன் ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) கேட்டுவிடுங்கள். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி வண்டியின் அமைப்பை மாற்ற அனுமதி வேண்டும். இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவையுங்கள்.

டிமேக்ஸ் 2008

அக்கா சொன்னதோடு பிரேக்கைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் ஹாட்யாயில் சாமான் எடுத்தவன். தாய்லாந்தில் பிக்கப் அதிகம், விலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்ரோல், டோல், ஒரு ராத்திரித் தங்கல், எல்லையில் புக்கிட் காயு ஹீத்தாமில் கஸ்டம்ஸுக்குச் சொல்லிக் கட்டுவது எல்லாம் சேர்த்தால் ஒரு ஸ்பிரிங் செட்டுக்காகப் போவதில் அர்த்தமில்லை. சாமான் தப்பாக இருந்தால் மாற்றவும் முடியாது.

என் வண்டி இசுசூ டிமேக்ஸ் பிக்கப். முன்னால் காயிலுக்குப் பதில் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி), போல்ட்டைத் திருகினாலே ஏறும். பின்னால் புது ஸ்பிரிங் போட்டு 2 இன்ச் ஏற்றினேன். அடுத்த வாரம் பீடோர் சாலையில் சுமையோடு பிரேக் அடித்தபோது முன்பக்கம் குத்திக்கொண்டு, வண்டி நிற்க நேரம் எடுத்தது. பிரேக் கட்டையைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. பின் அக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பி போகும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அந்தக் கம்பி ஒரு வால்வைத் திருப்பும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். வண்டியைத் தூக்கியதும் வால்வுக்கு வண்டி எப்போதும் காலி என்றே தோன்றும், பின் பிரேக்குக்குக் குறைவாகவே விடும். தூக்கிய அளவுக்குக் கம்பியின் பிடியையும் ஏற்ற வேண்டும். தம்பி, உங்கள் வண்டியிலும் அந்தக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பட்டறையில் முதலில் இதைச் சொல்லுங்கள்.

பின் பிரேக் ஹோஸ், டிஃப்பின் காற்றுக் குழாய் இரண்டும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இழுக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய பிட்டர்

வால்வு விஷயம் சரியாகச் சொன்னார். என் பங்குக்கு ஒன்று: ஸ்பிரிங் கண் போல்ட்டும் ஷேக்கிள் போல்ட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்திருக்கும்போது இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை உட்கார்ந்த பிறகு இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

டிஃப்புக்கு டயர் என்றேனே, உன் 15 இன்ச் ரிம்மிலேயே 255/70க்குப் பதில் 31க்கு 10.5 உட்காரும். டயர் 738 மில்லியிலிருந்து 787க்குப் போகும், டிஃப்புக்கு அதில் பாதி, ஏறக்குறைய 24 மில்லி கிடைக்கும். மீட்டர் 90 காட்டும்போது நீ 96ல் ஓடுவாய், அதை மனசில் வை. இருக்கிற டயர் தேயும் வரை பொறு, அவசரமில்லை.

நாலு ஏக்கர், ஊத்தான் மெலிந்தாங்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவில் லோரி ஸ்பிரிங் பட்டறை ஒன்றில் 300 கிலோ வகை, 2 இன்ச் உயரம், இரண்டு பக்கமும் முழுச் செட். புது யூ போல்ட், புஷ், நீளமான பின் அப்சோர்பர், கூலி எல்லாம் சேர்த்து 2,350 வெள்ளி. அக்கா சொன்ன மாதிரி பழைய யூ போல்ட்டைக் கையில் கொண்டுபோனேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது வட்ட வளைவு, என்னுடையது சதுரம். கையில் இருந்ததால் அங்கேயே மாற்றியாயிற்று.

அந்தக் கம்பி என் வண்டியிலும் இருக்கிறது. பிடியை ஏற்றி, காலி ரோட்டில் சுமையோடும் சுமை இல்லாமலும் நாலைந்து தடவை பிரேக் அடித்துப் பார்த்தோம்.

முன்னால் ஒன்றுமே தொடவில்லை. பெயிண்ட் போகாத இடத்துக்கு ஏன் காசு? ஹெட்லைட்டை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னேன். பின்பக்கம் காலியாக இரண்டு பக்கமும் 55 சென்டி. நேற்று 41 குலையோடு 48. ஸ்பேர் டயரில் திரும்பத் தடவிய பெயிண்ட் அப்படியே இருக்கிறது, டிஃப்பில் மட்டும் ஓர் இடத்தில் கீறல். டயர் மாற்றும்போது 31 போடுவதைப் பற்றி ஜேபிஜே-யில் கேட்டுக்கொண்டுதான் செய்வேன்.

ஐயா, 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டைத் திரும்ப இறுக்க வேண்டும் என்று பட்டறையில் சொன்னார்கள். இப்போது 310 ஆகியிருக்கிறது. நடுவில் ஓர் அறுப்பு வருகிறது, சுமை ஏற்றுவதற்கு முன்பே ஒரு தடவை இறுக்கிவிடவா?

பழைய பிட்டர்

இறுக்கிவிடு. சுமை ஏற்றுவதற்கு முன் ஒன்று, 500ல் இன்னொன்று. நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக.