பாடிக்கொண்டிருக்கும்போது சடசடக்காத லேப்டாப் எது?

மதுரைமைக்:

வணக்கம். மதுரையில் வீட்டு மாடி அறையில் சின்னதாக ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறேன். பக்திப் பாடல்கள், திருவிழா ஆடியோ, உள்ளூர் கடை விளம்பரங்கள் என்று வண்டி ஓடுகிறது. லேப்டாப் 2017இல் வாங்கியது. ஐ5 7200யூ, இரண்டே கோர், 8 ஜிபி ரேம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்ட பிறகு கொஞ்ச நாள் மூச்சு விட்டது.

போன வாரம் ஓர் அம்மா முருகன் பாட்டு பாட வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூன்றாவது டேக்கில் அனுபல்லவியைத் தொட்டு மேலே போனார் பாருங்கள், அறையே நிறைந்துவிட்டது. சரியாக அந்த இடத்தில் ஹெட்ஃபோனில் சடசட என்று உடைந்தது. பதிவிலும் விழுந்துவிட்டது. முகம் சுளிக்காமல் இன்னும் நாலு முறை பாடிக் கொடுத்தார். ஆனால் அந்த இடம் அப்படித் திரும்ப வரவில்லை. இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

கையில் 1,20,000 ரூபாய் இருக்கிறது. கடையில் ஐ7, 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் லேப்டாப்பைக் காட்டி, இதைவிடப் பலமானது கிடையாது என்கிறார்கள். நண்பர் மேக் வாங்கச் சொல்கிறார். நான் பயன்படுத்துவது பதிவுக்கும் மிக்ஸுக்கும் கியூபேஸ், வாத்திய சாம்பிள்களை வாசிக்க கான்டாக்ட். ஒரு பாட்டுக்கு 50, 60 டிராக் (தனித்தனி ஒலி வரிசை) வரும். மைக்கை லேப்டாப்போடு இணைக்க ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது. எதை வாங்கலாம்?

கோவைகீஸ்:

யோசிக்காமல் மேக்புக் ஏர் வாங்குங்கள். ஃபேனே கிடையாது, மைக் பக்கத்திலேயே வைத்துப் பதியலாம். கியூபேஸ் லைசென்ஸ் மேக்கிலும் செல்லும். பழையது வாங்குவதானால் இன்டெல் சிப் போட்ட மேக் பக்கம் போகாதீர்கள். 2025இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி மேக்ஓஎஸ். ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 முதல் மேலே பாருங்கள். ஆனால் 2024 கடைசிக்கு முன் விற்ற ஏர்களில் அடிப்படை மாடல் எல்லாம் 8 ஜிபிதான். அதைத் தொடாதீர்கள்.

பழையஃபேடர்:

தம்பி, சென்னையில் இருபது வருடத்துக்கு மேல் பதிவு மேசையில் உட்கார்ந்தவன். உங்கள் சடசட எனக்கும் நடந்தது. 2021இல் நான் வாங்கியதும் கேமிங் லேப்டாப்தான், கம்பெனி பெயர் வேண்டாம். வயலின் பதிவு. கியூபேஸில் ப்ராசசர் மீட்டர் முப்பது சதவீதத்தைத் தாண்டவில்லை, ஆனாலும் நிமிடத்துக்கு ஒருமுறை 'டப்'. வயலின் வாசித்தவர் தன் வில்லில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ரோசின் தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிரவு லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். ஐந்து நிமிடத்தில் சிவப்புக் கோடு. கிராபிக்ஸ் கார்டின் டிரைவரும் வைஃபை டிரைவரும் நடுவில் புகுந்து ப்ராசசரைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தன. வைஃபையை அணைத்தால் பாதி சரியாயிற்று. மீதி கடைசிவரை சரியாகவில்லை, விற்றுவிட்டேன்.

காரணம் இதுதான். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர், அதாவது ஒரு தடவைக்கு எடுக்கும் ஒலித் துண்டின் அளவு, 128 சாம்பிள் என்று வைத்தால், ஒவ்வொரு 2.67 மில்லிசெகண்டுக்கும் அடுத்த துண்டு ஒலி தயாராக இருக்க வேண்டும். ஒரு தடவை பிந்தினாலும் காதில் சடசட. வீடியோ எடிட்டிங் என்றால் பத்து நிமிடம் பிந்தி முடிந்தாலும் படம் கெடாது. நம் வேலையில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் 'மொத்தம் எவ்வளவு பலம்' என்று கேட்காதீர்கள், 'நேரத்துக்குக் கொடுக்கிறதா' என்று கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் கார்டு உங்கள் 60 டிராக்குக்கு அநேகமாக எதுவும் செய்யப்போவதில்லை. சூடும் ஃபேன் சத்தமும் டிரைவர் தொல்லையும்தான் கூடும். அந்தக் காசை ரேமில் போடுங்கள்.

ஒரு டிராக்கில் வரிசையாகப் போட்ட பிளக்இன் (கியூபேஸுக்குள் ஓடும் துணை மென்பொருள்) எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோரில்தான் ஓடும். ஆகவே கோர் எத்தனை என்பதைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். கியூபேஸில் ஏஷியோ கார்டு (ASIO-Guard) என்ற வசதி, ஏற்கெனவே பதிந்த டிராக்குகளை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும். ரெக்கார்டு பொத்தான் போட்ட டிராக்குக்கு அந்த வசதி இல்லை, அது அப்போதைக்கப்போது ஓடியாக வேண்டும். மிக்ஸ் செய்யும்போது அமைதியாக இருக்கிற லேப்டாப் பாட்டுக்காரர் வந்ததும் உடைவது இதனால்தான்.

ரேம் 32 ஜிபி. கான்டாக்ட் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தையும் ரேமில் ஏற்றிக்கொண்டு மீதியை டிஸ்கிலிருந்து இழுக்கும். ஸ்ட்ரிங்ஸ் நாலு, தபேலா, கோரஸ் என்று திறந்தால் 16 ஜிபி திணறும். மேக் என்றால் வாங்கும்போதே முடிவு செய்யுங்கள், பிறகு கூட்ட முடியாது. விண்டோஸ் லேப்டாப்பிலும் இப்போது பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். இரண்டு ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கோவைகீஸ் சொன்ன ஏர் நல்ல மெஷின்தான், பதிவுக்கு இன்னும் நல்லது. ஆனால் ஃபேன் இல்லாததால் மதுரை வெயிலில் மூன்று மணி நேரம் கனமான மிக்ஸ் ஓடினால் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் பழைய பிளக்இன் எல்லாவற்றுக்கும் மேக் பதிப்பு இருக்கிறதா என்பதையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்தப் பட்டியலைப் போடாமல் மாறி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. புது லேப்டாப் வரும்வரை 2ஐ2இல் டைரக்ட் மானிட்டரைப் போட்டுப் பதியுங்கள். பாடுபவர் குரல் லேப்டாப்புக்குள் போய் வராமல் நேராக அவர் காதுக்குப் போகும். பஃபரை 512க்கு ஏற்றிவிடலாம். காதில் ரிவெர்ப் இருக்காது, அது ஒன்றுதான் குறை.

சுருதிப்பெட்டி:

பழையஃபேடர் சார் சார்ஜரைச் சொல்லவில்லை. சில லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருந்தால் ஸ்பீக்கரில் 'ஞொய்' என்று ஒரு இரைச்சல் கேட்கும், பிடுங்கினால் போய்விடும். வாங்குமுன் இரண்டு விதமாகவும் கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு கேபிள் (வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும் வகை) போட்டாலே பெரும்பாலும் சரியாகும். இரைச்சலுக்குப் பயந்து பேட்டரியிலேயே பதியாதீர்கள். பேட்டரியில் விண்டோஸ் வேகத்தைக் குறைக்கும், சடசட திரும்ப வரும்.

பழையஃபேடர்:

சரியாகச் சொன்னீர்கள் அம்மா, அதை விட்டுவிட்டேன்.

மதுரைமைக்:

எல்லோருக்கும் நன்றி. பிளக்இன் பட்டியல் போட்டுப் பார்த்தேன். எனக்குத் தினமும் தேவைப்படும் இரண்டு பிளக்இன்னுக்கு மேக் பதிப்பு இல்லை. அதனால் விண்டோஸே.

நேற்று ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். வெளி எஸ்எஸ்டியில் அந்த அம்மாவின் பாட்டையே எடுத்துக்கொண்டு போனேன், 58 டிராக். 2ஐ2, ஹெட்ஃபோன், மைக் எல்லாம் பையில். இரண்டு கடையில் மறுத்தார்கள். மூன்றாவது கடைக்காரர் மூலையில் ஒரு மேசை கொடுத்தார். அங்கேயே கியூபேஸ் சோதனைப் பதிப்பை ஏற்றி, கான்டாக்ட் டிராக்குகளை ஆடியோவாக மாற்றி வைத்திருந்ததால் அப்படியே திறந்தேன்.

கேமிங் லேப்டாப்பில் 128இல் இரண்டு நிமிடத்துக்குள் உடைந்தது, ஃபேன் சத்தம் மைக்கில் தெளிவாக ஏறியது. ரைசன் 7 எச்எஸ் வகை ப்ராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஒன்றில் அதே பாட்டு அரை மணி நேரம் ஓடியது. வைஃபை அணைத்த பிறகு லேட்டன்சிமான் பச்சையிலேயே நின்றது. ஸ்லாட் இரண்டு. இன்னொரு 16 ஜிபி அங்கேயே போட்டு வாங்கிவிட்டேன். பட்ஜெட்டில் மிச்சம் பிடித்து சாம்பிள்களுக்கு 2 டிபி எஸ்எஸ்டியும் ஆயிற்று. ஃபேன் லேசாகக் கேட்கிறது, நீளமான யூஎஸ்பி கேபிள் போட்டு லேப்டாப்பை அறைக்கு வெளியே வைக்கப்போகிறேன்.

அந்த அம்மாவிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை வருகிறேன் என்றார்.

பழையஃபேடர்:

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அவர் குரல் பதம் பார்க்கப் பாடும்போதே ரெக்கார்டைப் போட்டுவிடுங்கள்.