காலிபருக்குத் தமிழில் என்ன? (மான், எல்க் வேட்டைக் கையேடு, கொஞ்சம் அவசரம்)

டென்வர்:

அனைவருக்கும் வணக்கம். கொலராடோவில் இருக்கும் சில தமிழ்க் குடும்பங்களுக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்கிச் சுடும் பழைய முறைத் துப்பாக்கிக்கு இங்கே செப்டம்பரில் தனிப் பருவம் உண்டு. எல்க் என்ற பெரிய மானின் கிடாக்கள் குரல் கொடுத்து அலையும் நேரம் அது. உரிமம் குலுக்கலில்தான் கிடைக்கும், விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும், அதற்கு முன்னால் கையேடு கையில் இருந்தால்தான் யார் எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று முடிவெடுக்க முடியும்.

சிக்கல் 'காலிபர்' என்ற சொல்லில், குழலின் உள்ளளவை அங்குலத்தில் சொல்வது அது. மாநில விதிப்படி மானுக்குக் குறைந்தது .40, எல்க்குக்கு .50. குண்டின் எடைக்கும் கீழ்வரம்பு உண்டு: .50 வரை 170 கிரெயின் (குண்டை நிறுக்கும் சிறிய எடை அலகு), அதைத் தாண்டினால் 210. முதல் வரைவில் நான் 'குண்டு விட்டம்' என்று எழுதினேன். அது தவறு என்பதை அனுபவத்தில் கற்றேன். .50 துப்பாக்கிக்குள் போகும் ஈய உருண்டை .490 அங்குலம்தான் இருக்கும், மீதி இடத்தை எண்ணெய் தடவிய துணித் துண்டு பிடித்துக்கொள்ளும். என் வரைவைப் படித்த நண்பர், குண்டு .50க்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்று .495 உருண்டையும் தடித்த துணியும் வாங்கி வந்து, பயிற்சித் திடலில் பாதிக் குழலுக்கு மேல் இறங்காமல், கோலை உடைத்துக்கொண்டார். மருந்தின் மேல் முழுதாக உட்காராத குண்டோடு சுட்டால் குழலே வெடிக்கலாம். அவர் சுடவில்லை, நல்லவேளை. ஆனால் தப்பு என் சொல்லில் இருந்தது.

அதனால் குழலைக் குறிக்கும் சொல் வேண்டும், குண்டைக் குறிக்கக் கூடாது. இரண்டு வாரம் இருக்கிறது.

மதுரை:

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. குழலின் உள்ளே இருக்கும் வெறுமைக்குத் தமிழில் பழைய பெயர் 'புழை'. யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர், புழை உள்ள கை. 'தூம்பு' என்றும் ஒன்று உண்டு, மலைபடுகடாத்தில் யானை பெருமூச்சு விடுவது போல ஒலிக்கும் ஊதுகுழலுக்கு அந்தப் பெயர். ஆனால் தூம்பு என்றால் இன்று வயல்காரருக்கு மடைக்குழாய் நினைவு வரும். ஆகவே புழை, அதன் அளவு 'புழையளவு'. .50 புழை, .54 புழை. எழுதிப் பாருங்கள், எவ்வளவு சுருக்கம்!

காலிபர் எங்கிருந்து வந்தது என்பதும் பார்க்கத் தக்கது. பிரெஞ்சு, இத்தாலியம் வழியாகப் பின்னே போனால் அரபியில் 'காலிப்', வார்ப்பு அச்சு என்று பொருள். அதற்கும் பின்னே கிரேக்கத்தில் செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் கால் வடிவக் கட்டை என்கிறார்கள். அச்சுக்கு நம்மிடம் 'கட்டளை' இருக்கிறது, செங்கல் அறுப்பவர் இன்றும் கட்டளை என்றுதான் சொல்கிறார். ஆக மூலப் பொருளோடு போக வேண்டுமானால் கட்டளை, குழலோடு போக வேண்டுமானால் புழை.

ஒன்று சொல்லி முடிக்கிறேன், இல்லாவிட்டால் யாராவது எழுப்புவார்கள். துப்பாக்கி என்பது துப்பு + ஆக்கி, வலிமையை ஆக்குவது என்ற விளக்கத்தைக் கையேட்டில் சேர்த்துவிடாதீர்கள். குறளில் வரும் துப்பாக்கி மழை பற்றியது, அங்கே துப்பு உணவு. நாம் சுடுவது துருக்கியர் 'துஃபெக்' என்றதன் பேரன்.

கோவை:

ஐயா மன்னிக்க வேண்டும், புழை என்று எழுதினால் என் பட்டறையில் ஒருவருக்கும் புரியாது. புழு என்று வாசிப்பார்கள்.

நான் முப்பது வருடம் லேத் ஓட்டியவன். 'போர்' (bore) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஏற்கெனவே முடிவாகிவிட்டது: துளை. ஆழ்துளைக் கிணறு என்று செய்தித்தாள் எழுதி எழுதி அது நிலைத்தே விட்டது. பேச்சில் 'ஆறரை இஞ்சு போர் போட்டோம்' என்போம், எழுதும்போது ஆழ்துளை. யாரும் சண்டை போடவில்லை. அதே துளைதான் துப்பாக்கியிலும். துளையளவு .50 அங்குலம் என்றால் எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும், குண்டோடு குழப்பமும் வராது, ஏனென்றால் துளை குண்டில் இல்லை, குழலில் இருக்கிறது.

ஐ.டி.ஐ. பாடத்தில் இருக்கும் 'உள்விட்டம்' என்பதும் நல்ல சொல். ஆனால் அதில் ஒரு வம்பு. சுருள் வரி வெட்டிய குழலில் இரண்டு உள்விட்டம் உண்டு, மேட்டிலிருந்து மேட்டுக்கு ஒன்று, பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு ஒன்று. தம்பி சொல்லும் .50 எது?

வவுனியா:

வணக்கம். கோவை அண்ணா கேட்டதற்கு டென்வர்த் தம்பிதான் பதில் சொல்ல வேண்டும், நான் வேறு இரண்டு சொற்களோடு வருகிறேன்.

முதலாவது, 'வாய் வழியாக மருந்து போட்டு' என்று நீட்டி எழுதத் தேவையே இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் இடியன். இடியன் துவக்கு. இடித்து இறக்குவதால் இடியன், யாரும் குழு கூடி ஆக்காத சொல், ஊரில் தானாகப் பிறந்தது. பின்பக்கத்தால் தோட்டா போடுவது சாதாரணத் துவக்கு. இந்தச் சொல்லை விட்டுவிட்டு 'முன்னேற்றத் துப்பாக்கி' மாதிரி ஏதும் செய்துவிடாதீர்கள், தயவு செய்து.

இரண்டாவது எல்க். எல்க் என்றே எழுதினால் இலங்கையில் வாசிப்பவர் தடுமாறக்கூடும். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையில் 'எல்க்' என்றது எங்கள் மரையை, இந்தியாவில் கடமான் என்பீர்கள். 1850களில் நுவரெலியாவில் இருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் எழுதியதெல்லாம் அந்த எல்க்தான். ஐரோப்பாவில் எல்க் என்றால் அது இன்னொன்று, அமெரிக்கர் மூஸ் என்பது. ஆகவே ஒரே பெயருக்கு மூன்று மிருகம். கடமானுக்கு உறவான பெரிய மான் என்பதால் 'அமெரிக்க மரை' என்று வைக்கலாம். சங்கப் பாடல்களிலும் மரை இருக்கிறது.

டென்வர்:

இடியன்! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், தெரியாமலேயே. நன்றி அண்ணா. தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்போம், ஆனால் அந்தச் சொல் கேட்டதும் உரிமம் இல்லாத ஆயுதம், கைது, வனத்துறை என்றுதான் மனம் போகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே வேட்டைச் சொற்கள் எல்லாம் வழக்குச் சொற்களாக மாறிவிட்டன. இடியன் அந்தச் சுமை இல்லாமல் இருக்கிறது.

கோவை அண்ணா, .50 என்பது மேட்டிலிருந்து மேட்டுக்கு. துணி அந்தப் பள்ளங்களுக்குள் அமுங்கிக்கொள்ளும்.

ஆனால் மரை வேண்டாம் என்று நினைக்கிறேன், காரணம் உண்டு. குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளுக்கு நான் 'மரை' என்று எழுதி வைத்திருக்கிறேன், போல்ட்டில் இருக்கும் மரை மாதிரி. உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுழற்சி வேண்டும், 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளக் குண்டுக்கு வேகமாக, 28 அங்குலத்துக்கு ஒன்று. 48 இரண்டுக்கும் நடுவில். துப்பாக்கி வாங்கும்போது காலிபரைவிட இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இப்போது 'மரைக்கு ஏற்ற மரை' என்று ஒரு வரி வந்தால் வாசகர் என்ன செய்வார்?

'துளை' என்ற சொல்லிலும் எனக்கு ஒரு தயக்கம். அளவு அதிகமானால் போதும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. .45 உருண்டை ஏறத்தாழ 128 கிரெயின்தான், துளை மானுக்குச் சட்டப்படி சரி, எடையில் தோற்றுவிடும், அதில் நீளக் குண்டுதான் போட வேண்டும். .50 உருண்டை 177, மயிரிழையில் தேறுகிறது. .54க்கு 224. எல்க் கிடா முந்நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், காயத்தோடு காட்டுக்குள் போய்விட்டால் அந்தப் பாவம் நம்மைத்தான் சேரும். என் கருத்து, இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி என்றால் .50, 350 கிரெயினுக்கு மேற்பட்ட நீளக் குண்டு. உருண்டைதான் பிடிக்கும் என்றால் .54, அதுவும் 75 கெஜத்துக்குள்.

சிங்கப்பூர்:

எல்லாவற்றையும் வாசித்தேன். தம்பி, உங்கள் வாசகர் கடைக்குப் போய் என்ன கேட்பார்? 'ஃபிஃப்டி காலிபர்' என்று கேட்பார். பெட்டியில் அதுதான் அச்சடித்திருக்கும். நான் இருபது ஆண்டாகப் பாதுகாப்புக் கையேடுகள் மொழிபெயர்க்கிறேன், உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் வாசகர் கண்ணால் பார்க்கும் சொல்லையும் காதால் கேட்கும் சொல்லையும் பிரிக்கக் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. காலிபர் என்றே எழுதுங்கள். முதல் முறை வரும்போது 'குழலின் துளையளவு' என்று விளக்குங்கள். எல்க்கும் எல்க்காகவே இருக்கட்டும், பக்கத்தில் படம் போடுங்கள்.

மதுரை:

அம்மா சொல்வது கடைக்குச் சரி. ஆனால் நாளைக்குத் தமிழில் ஒரு பொறியியல் நூல் எழுதும் பிள்ளைக்கு என்ன விட்டுவைக்கப் போகிறோம்? விளக்கம் வேறு, சொல் வேறு. விளக்கத்தைச் சொல்லாக வைத்தால் அதிலிருந்து வேறு சொல் பிறக்காது. புழையிலிருந்து நுண்புழை, பெரும்புழை என்று கிளைக்கும். நுண்புழை அறிவியல் பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறது, மாணவர் யாரும் புழு என்று வாசிக்கவில்லை.

மரைச் சிக்கலுக்கு என்னிடம் தீர்வு உண்டு. சுருள் வரிக்குப் 'புரி' என்று போடுங்கள். வலம்புரி, இடம்புரி, முறுக்கு என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. 28 அங்குலப் புரி, 66 அங்குலப் புரி.

இன்னொன்று. புள்ளி ஐந்து பூஜ்யம் என்று ஏன் தடுமாற வேண்டும்? நம் பின்னக் கணக்கில் .50 அரை. .45 காலே நாலுமா, கால் என்பது ஐந்து மா, அதோடு நாலு மா, ஒன்பது மா, இருபதில் ஒன்பது, சரியாக .45. அதே போல .40 காலே மும்மா. .54 தான் கொஞ்சம் முரண்டு பிடித்தது, நேற்று இரவு உட்கார்ந்து போட்டேன்: அரையே முக்காணியே முந்திரி, அதாவது அரையோடு எண்பதில் மூன்றும் முந்நூற்றிருபதில் ஒன்றும். .540625 வருகிறது. கிரெயினுக்கும் வழி உண்டு. நாலு நெல்லெடை ஒரு குன்றிமணி, ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின். ஆக 170 கிரெயின் குண்டு ஏறக்குறைய 85 குன்றிமணி. ஆங்கிலத்தில் தானியம், நம்மிடம் நெல். இரண்டு நாட்டுக்காரரும் விதையால்தான் எடை பார்த்திருக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.

கோவை:

ஐயா, புரி அருமை. அதை இப்போதே என் மாணவர்களிடம் சொல்லப் போகிறேன். முந்திரியைத் துப்பாக்கியில் போட வேண்டாம்.

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. 'பன்னிரண்டு போர்' என்று எஸ்டேட்டில் சொல்வது அங்குலக் கணக்கு கிடையாது. ஒரு ராத்தல் ஈயத்தில் அந்தத் துளைக்குப் பொருந்தும் உருண்டை பன்னிரண்டு வரும் என்று அர்த்தம். எண் கூடினால் துளை சிறுக்கும். அதனால் இதற்குத் 'துளையெண்', காலிபருக்குத் 'துளையளவு' என்று பிரித்து வைத்தால் இரண்டும் கலக்காது. புழை என்றாலும் இதே பிரிவு செய்யலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் துளை.

வவுனியா:

எனக்கும் துளை. ஆனால் எல்க்கை எல்க்காக விட்டால் நான் சொன்ன குழப்பத்தை ஒரு வரியிலாவது போடுங்கள். எல்க்குக்கு உரிமம் வாங்கியவர் மூஸைச் சுட்டுவிட்டால் விளக்கம் சொல்லித் தப்ப முடியாது.

டென்வர்:

எல்லாருக்கும் நன்றி. அச்சகத்துக்கு நாளைக்கு அனுப்புகிறேன், அதனால் இப்படி முடித்திருக்கிறேன்.

தலைப்பிலும் முதல் பக்கத்திலும் இடியன் துவக்கு. தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு வரி விளக்கம் உண்டு. துளையளவு உடல் முழுவதும், அட்டவணையில் மட்டும் சிங்கப்பூர் அக்கா கேட்ட காலிபர். புரி. உருண்டைக் குண்டு, நீளக் குண்டு. எல்க் எல்க்காகவே, படத்தோடு, அதன் கீழே இலங்கை மரையும் மூஸும் வேறு என்ற குறிப்போடு.

நண்பர் உடைத்த கோலின் கதையையும் சேர்த்துவிட்டேன், அவர் சம்மதித்தார். 'துளையளவு .50 என்றால் உருண்டைக் குண்டு .490' என்ற வரி தடித்த எழுத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. சுழலும் வேகத்தை ஒரு பக்கம் எழுதியிருந்தேன், இடமில்லாமல் பாதியாக வெட்டினேன், வருத்தம்தான். குண்டைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறைக்கு மட்டும் சொல் தேடாமல் விட்டேன், இங்கே அந்தப் பருவத்தில் அதற்கு அனுமதி இல்லை.

மதுரை ஐயா, புழை வைக்க முடியவில்லை, மன்னியுங்கள்.

மதுரை:

மன்னிக்க ஒன்றுமில்லை தம்பி. புரி நின்றதே. ஆனால் பதிவுக்காகச் சொல்கிறேன், துளை என்பது போடுவது, புழை என்பது இருப்பது. குழலில் இருப்பது புழைதான். அடுத்த பதிப்பு எப்போது?

சிங்கப்பூர்:

ஐயா, 'சபோ' என்ற அந்த உறையின் பெயருக்கும் பிரெஞ்சில் மரச்செருப்பு என்றுதான் பொருள். நீங்கள் காலிபரைக் கொண்டுபோய் நிறுத்திய அதே செருப்புக் கடை. தனி இழையில் பேசுவோமா?